உயிரோட இருக்கேன்

மீன் கிடங்கின் ஆபீஸ் அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்துவிட்டதால் மேனேஜர் இரண்டு மணி நேரமாக நிற்பதும் நடப்பதுமாக இருந்தார். ஜன்னலுக்கு வெளியே நான்கு பேர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கெட்டுப்போன மீனைப் பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றினார்கள். பெட்டிகளின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டி, குளிர் அறை வாசலிலிருந்து லாரி வரைக்கும் கோடு போட்டிருந்தது. கதவைச் சாத்தியும் பயனில்லை. நாற்றம் அவள் கைக்குட்டையில், தண்ணீர் பாட்டில் மூடியில், கீபோர்டில்கூட ஏறிவிட்டது.

"ஏதாவது பிடிபட்டுச்சாம்மா?"

"பார்த்துட்டே இருக்கேன் சார்."

"நீங்க பார்க்கறதைத்தான் நானும் காலையிலேருந்து பார்க்கறேன். இதுல பார்க்க என்ன இருக்கு? குளிர் ரூம் ஆளு, அந்தப் பனிக்கரடி கைவச்சிருக்கான், அவ்வளவுதான். அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா இன்ஷூரன்ஸ்காரன் வாயை அடைச்சிடலாம்."

காலையில் பஸ் ஏறும்போது அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். கம்ப்யூட்டர் தெரியாத ஆள் எதையோ அமுக்கியிருப்பார், போனோமா, திறந்தோமா, காட்டினோமா, மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பினோமா என்று.

அந்தச் செயலியை எழுதியது அவள்தான். மருந்துக்கடை மாடியில் ஐந்து பேர் வேலை பார்க்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அவளுடையது. அவளுடையது என்றால் அவள் சம்பளம் வாங்குகிற கம்பெனி. கிடங்குக்காக அவள் செய்து கொடுத்தது ஒரே ஒரு ஃபைல். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், இரண்டு தட்டு தட்டினால் ஓடும். ஓடுவது ஒன்றல்ல, இரண்டு. முன்னால் தெரிகிற விண்டோவில் குளிர் எவ்வளவு என்று ஒரு பெரிய எண்ணும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளியும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடுகிற இன்னொன்றுதான் நிஜமான வேலைக்காரன். கால் மணிக்கு ஒரு தடவை குளிர் அறைக்குள் இருக்கும் கருவியைக் கேட்டு, வரிசை எண் போட்டுப் பதிவு செய்து, குளிர் குறைந்தால் சைரன் ஊதுவது அதன் வேலை. முன்னால் இருப்பது கடைசியாகப் பதிவான எண்ணைக் காட்டிக்கொண்டு, பின்னால் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளும். இருந்தால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

வெள்ளிக்கிழமை குளிரூட்டும் எந்திரத்தில் கேஸ் கசிந்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கதவுக்கு அடியில் தண்ணீர் ஓடியபோது திரையில் மைனஸ் பதினெட்டு என்று இருந்தது. புள்ளி பச்சை. சைரன் ஊதவே இல்லை. கடைசிப் பதிவு வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு. அதற்கப்புறம் ஒரு வரிகூட இல்லை.

"பிணத்தைத் தொடக் கூடாதுங்கற மாதிரி அப்படியே வச்சிருக்கேன். யாரையும் கைவைக்க விடலை" என்றார் மேனேஜர்.

அது நல்லதாய்ப் போயிற்று. அவள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாள். ஒரே பெயரில் இரண்டு இருந்தன, முன்னால் ஓடுவதும் பின்னால் ஓடுவதும். யாராவது கைவைத்து நிறுத்தியிருந்தால் ஒன்றுதான் இருக்கும். புள்ளியும் சிவப்பாகியிருக்கும். பின்னால் இருப்பது சாகவில்லை. உயிரோடு, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பனிக்கரடி எதையும் அமுக்கவில்லை என்பது அவளுக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. மேனேஜரிடம் சொல்ல வாயெடுத்தாள். "அப்போ யாரு?" என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் மூடிக்கொண்டாள்.

அவள் பதிவு ஃபைலைத் திறந்து கீழிருந்து மேலே படிக்க ஆரம்பித்தாள். கடைசி வரியின் வரிசை எண் இருநூற்று நாற்பது. அதற்கு முந்தைய நாட்களில் எண் தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. தினமும் காலை ஏழு பத்துக்கு எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வராததால் திங்கட்கிழமை காலையில் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரை போயிருந்தது. நான்கு மாதமாக இதே கதை.

இந்த ஏழு பத்து அவளுக்குப் புதிதல்ல. மாதப் பதிவை மேனேஜர் அனுப்பியபோது, போன வாரம் செவ்வாய்க்கிழமை இதைக் கண்ணில் கண்டதும் கிடங்குக்குப் போன் போட்டிருந்தாள். எடுத்தது பனிக்கரடி. இருபத்திரண்டு வருஷமாகக் குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர். வெயில் கொளுத்துகிற நாளிலும் முழங்கால் வரைக்கும் தொங்குகிற தடித்த கோட்டோடு டீக்கடைக்கு வருவார் என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, தினமும் காலையில கம்ப்யூட்டரை அணைச்சு அணைச்சுப் போடறீங்களா?"

"ஆமா மேடம். வந்ததும் மொத வேலை அதுதான். ரெண்டு நிமிஷம் அணைச்சு வச்சுட்டுப் போட்டா பளிச்சுனு இருக்கு."

"அது என்ன டியூப் லைட்டா, பளிச்சுனு இருக்க?"

"இல்ல மேடம், மனுஷனுக்கே ஒரு தூக்கம் வேண்டியிருக்கு. அதுவும் ராத்திரி பகலா முழிச்சுட்டே இருக்குது. பாவமா இருக்குமில்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது மட்டுமில்லை, போனை ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணே, அந்தத் தூக்க மேட்டரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். மருந்துக்கடை மாடியே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் மேனேஜரைக் கூப்பிட்டு, இனி யாரும் அணைக்கக் கூடாது, பதிவு விட்டுப்போகும் என்று கறாராகச் சொன்னாள். அன்றைக்கே திரைக்கு மேலே பேப்பர் ஒட்டப்பட்டது. 'அணைக்காதே. மீறினால் நடவடிக்கை.' இப்போது அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய் காலை ஏழு பத்திலிருந்து வியாழன் மாலை ஏழு வரை அறுபது மணி நேரம். மணிக்கு நான்கு பதிவு. இருநூற்று நாற்பது. அதற்கு மேல் அந்தச் செயலியை யாரும் ஓடவிட்டதே இல்லை. அவளும்தான். வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் மத்தியானம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, "பக்கா சார்" என்று சொல்லியிருந்தாள்.

அது என்ன இருநூற்று நாற்பது? பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். மீன் வாடை அடித்தது. கீழே வைக்கும்போது சட்டென்று அந்தக் கறுப்பு விண்டோ நினைவுக்கு வந்தது.

முதல் முதலாகக் கொண்டுவந்து மாட்டியபோது செயலியோடு சேர்ந்து ஒரு கறுப்பு விண்டோவும் திறக்கும். பின்னால் ஓடுவது சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி பேசும்படி அவள் வைத்திருந்தாள். ஆங்கில எழுத்தில், 'உயிரோட இருக்கேன்'. விளையாட்டாக எழுதியது. கிடங்கு முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பேய்ப் படம் மாதிரி? எடுத்து விடுங்க, பார்க்கவே நல்லால்ல" என்றார். அவள் கறுப்பு விண்டோவை மறைத்தாள். பேசுகிற வரியை எடுக்கவில்லை. அந்தப் பேச்சை ஒரு குழாய் வழியாக முன்னால் இருப்பதற்குத் திருப்பிவிட்டாள். முன்னால் இருப்பது அதைப் படிக்க வேண்டும். அந்தப் பகுதியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். அப்புறம் வேறொரு வேலை வந்தது. அவ்வளவுதான்.

குழாய் சின்னது, இருநூற்றுச் சொச்சம் வரிதான் பிடிக்கும். ஒரு முனையில் வரி வரியாக விழுந்துகொண்டே இருக்கிறது. மறுமுனையில் எடுப்பவர் யாருமில்லை. கம்ப்யூட்டரை அணைத்தால்தான் அது காலியாகும். நிரம்பிவிட்டால், இடம் கிடைக்கட்டும் என்று பேசுகிறவன் அப்படியே காத்துக்கொண்டு நிற்பான். குளிரை அளக்க மாட்டான், சைரனும் ஊத மாட்டான். உயிரோடு இருக்கிறானா என்று கேட்டால், ஆமாம், இருக்கிறான்.

நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று தன் லேப்டாப்பை எடுத்தாள். கால் மணி என்று இருந்ததை ஒரு நொடி என்று மாற்றினாள். பொய்யாக ஒரு மைனஸ் பதினெட்டைக் கொடுத்து ஓடவிட்டாள். எண்கள் ஏறின. நூறு. மேனேஜர் பின்னால் வந்து நின்று, "இது என்ன, ஓடுதே" என்றார். நூற்று எழுபது. இருநூறு. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது காரணமாக இருக்கட்டும். வைரஸாக இருக்கட்டும். எலி கடித்த ஒயராக இருக்கட்டும். இருநூற்று முப்பத்தொன்பது. இருநூற்று நாற்பது.

நின்றுவிட்டது. புள்ளி பச்சையாகவே இருந்தது.

"நின்னுடுச்சு?"

"நான்தான் நிறுத்தினேன் சார். டெஸ்ட்" என்றாள். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

தண்ணீர் வேண்டும் என்று சொல்லி வெளியே வந்து, லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்று ஆபீசுக்குப் போன் போட்டாள். அவள் முதலாளி முழுதாகக் கேட்டார்.

"எத்தனை வரிம்மா?"

"ஒரே வரி சார். அந்தப் பேசற வரியை எடுத்துட்டா போதும்."

"அப்போ எடுத்துடு."

"எடுத்துடறேன் சார். ஆனா அவர் தினமும் அணைச்சுப் போட்டதாலதான் நாலு மாசமா ஒழுங்கா ஓடியிருக்கு. நாமதான் அணைக்காதேன்னு..."

"இங்க பாரு. இது நம்ம தலையில விழுந்துச்சுன்னா அத்தனை மீனுக்கும் நாமதான் பதில் சொல்லணும். கடையை இழுத்து மூடிட்டு, நீ, நான், அந்த நாலு பேரு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உன் வீட்டுக்காரர் இன்னும் கால்ல கட்டோடதானே இருக்காரு?"

லாரியிலிருந்து சொட்டிய பழுப்புத் தண்ணீரிலிருந்து அவள் காலை விலக்கிக்கொண்டாள்.

"பொய் எழுதச் சொல்லலை. எனக்கும் மனசாட்சி இருக்கு. எழுதிக்கோ. 'சோதித்தபோது செயலி சரியாக இயங்கியது.' இப்போ ஓடவிட்டா ஓடுதில்ல? அடுத்தது, 'பதிவுகளின்படி, பணியாளரால் கணினி தினமும் அணைக்கப்பட்டு வந்துள்ளது.' அணைச்சார்தானே? ரெண்டுல எது பொய், நீயே சொல்லு."

ரெண்டும் பொய்யில்லை.

போனை வைத்ததும் வீட்டிலிருந்து வந்தது. கட்டடத்துக்கு பெயின்ட் அடிக்கிற கணவன் மூன்று மாதமாகக் கட்டிலில். "சாப்டியா? என்ன ஆச்சு, கண்டுபிடிச்சிட்டியா?"

"ம்."

"நீ கண்டுபிடிச்சிடுவேன்னு தெரியும். யாரு பண்ண கோளாறாம்?"

"மெஷின்தான்" என்றாள். கட்டினவனிடம்கூட உண்மை வரவில்லை.

அறைக்குத் திரும்பி அந்த ஒரு வரியை எடுத்தாள். புதிதாக ஒரே ஃபைலாகக் கட்டி, பழையதன் மேல் போட்டாள். இதற்கு ஆனது எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். பிறகு வேர்டைத் திறந்து அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்தாள். ஒரு எழுத்துப்பிழைகூட வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிரின்ட் எடுத்த பேப்பரை மேனேஜர் வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது. "இது போதும்மா. இதுக்குக் கீழ அவன்கிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிட்டா இன்னும் பக்காவா இருக்கும். வேலையிலேருந்து தூக்கியாச்சு, கோட்டையும் பூட்ஸையும் ஒப்படைக்க வந்து காலையிலேருந்து வெளியதான் நிக்கறான்." அவர் கதவைத் திறந்து குரல் கொடுத்தார்.

பனிக்கரடி உள்ளே வந்தார். கோட்டு இல்லாமல் ஆள் பாதியாக இருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இந்த ஆளுக்குப் போய் யார் கரடி என்று பெயர் வைத்தார்கள் என்றிருந்தது. "வாங்கண்ணே" என்று அவள் சொன்னதும் அவர், போனில் கேட்ட குரலை அடையாளம் வைத்து, "நீங்கதானா மேடம் அது?" என்றார். சந்தோஷமாகக் கேட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மேடம் எல்லாத்தையும் பார்த்து எழுதிட்டாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றார் மேனேஜர்.

"கண்ணாடி வீட்டுல இருக்கு சார். மேடம், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

அவள் படித்தாள். இரண்டு வாக்கியம். படித்து முடித்த பிறகும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரிதான். அணைச்சேன்தான்" என்றார் அவர். மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். "ஒரே ஒரு சந்தேகம் மேடம். சனிக்கிழமை நான் உங்களுக்குப் போன் பண்ணேனே. உள்ள போனா மூக்கு விறைக்கலை, குளிர் கம்மியா இருக்கு, மேனேஜர் சாரும் திரையைப் பார்த்துட்டு, கம்ப்யூட்டரை விட உன் மூக்கு பெருசாங்கறாரு, ஒரே ஒரு தடவை அணைச்சுப் போடட்டுமான்னு கேட்டேனே. பச்சை எரியுதில்ல, அப்போ தொடாதீங்கன்னு சொன்னீங்க. நான் தொடலை மேடம். கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அது இதுல எழுதியிருக்கா?"

மேனேஜர் அவளைப் பார்த்தார். வெளியே லாரியின் பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சனிக்கிழமை அவள் மதியம் கிளம்புகிற அவசரத்தில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியது. அவர் பேசி முடிப்பதற்குள் வைத்துவிட்டிருந்தாள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

"அது... இதுல வராதுண்ணே" என்றாள்.

"வராதா?"

"இது மெஷினைப் பத்தின பேப்பர்."

"ஓ." அவர் தலையாட்டினார். "நமக்கென்ன தெரியுது. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." குனிந்து, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்து, திரையைப் பார்த்து, "இப்போ சரியாயிடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சு."

"அப்பாடா. நான் எதையோ கெடுத்துட்டேனோன்னு ரெண்டு நாளா சோறு இறங்கலை. உங்களுக்கும் என்னால அலைச்சல். மன்னிச்சுக்கங்க மேடம்."

அவள் எழுந்தாள். லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள். ஒயரைச் சுற்றக்கூட இல்லை. நாற்காலி காலியானதும் மேனேஜர் உட்கார்ந்து, காலை நீட்டி, இன்ஷூரன்ஸ்காரருக்குப் போன் போட்டார். பேப்பர் கிடைத்தது, பக்காவாக இருக்கிறது என்று அவர் சொல்வது வராண்டா வரைக்கும் கேட்டது.

வாசலில் வெயில் சுளீரென்று அடித்தது. பனிக்கரடி அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், தோளில் ஒரு பழைய துணிப்பை. கேட்டில் வாட்ச்மேன் அவரை நிறுத்தினான். இத்தனை வருஷம் ஒன்றாக டீ குடித்தவன். முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"வேலையிலேருந்து நிக்கறவங்களைச் சோதனை போட்டுத்தான் விடணுமாம். பையைக் குடுண்ணே."

அவர் கொடுத்தார். வாட்ச்மேன் அதை மேசைமேல் கவிழ்த்தான். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, ஒரு சீப்பு, குளிர் அறைச் சாவி முன்பு தொங்கிய வெறும் கயிறு. டிபன் பாக்ஸைத் திறந்து உள்ளே பார்த்தான். பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தட்டினான். பிறகு, "கையைத் தூக்குண்ணே" என்றான். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் சட்டைப் பையை, இடுப்பை, பேன்ட்டின் மடிப்பைத் தடவிப் பார்த்தான்.

அவள் பின்னால் வந்து நின்றாள். பை தோளில் கனத்தது. அதை இறக்கி மேசைமேல் வைக்கப் போனாள்.

"ஐயையோ, உங்களுக்கு எதுக்கு மேடம்? நீங்க போங்க" என்றான் வாட்ச்மேன்.

"அண்ணே..." என்றாள் அவள். வாட்ச்மேனிடம் இல்லை.

பனிக்கரடி திரும்பினார். தூக்கிய கையை இறக்காமலே, அவளுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சா மேடம்? போங்க, போங்க. எனக்கு இன்னும் முடியலை."